பாதிக்குப் பாதி

பிப்ரவரி 3, திங்கள்

பேப்பரில் என் படம் வந்திருக்கிறது. மீன்தொட்டியோடு எடுத்ததைப் போடச் சொல்லியிருந்தேன். அவர்கள் போட்டிருப்பதில் நான் தும்மப்போகிற மாதிரி இருக்கிறேன். தலைப்பு: ‘முதுமை மறதிக்கு முற்றுப்புள்ளி! கோவை பேராசிரியை சாதனை.’

முற்றுப்புள்ளியாவது மண்ணாங்கட்டியாவது. மூளை ஏன் மூப்படைகிறது, எந்த மரபணு அதை முடுக்கிவிடுகிறது என்று இருபத்தைந்து வருடம் மண்டையை உடைத்துக்கொண்டதில் நான் கண்டது இவ்வளவுதான். ஒரு சின்ன மீன். எங்கள் மாணவர்கள் அதைச் செல்லமாகக் கில்லி என்பார்கள். ஐந்து மாதத்தில் வளர்ந்து, கிழடாகி, செத்தும் போய்விடும். அது முட்டையாக இருக்கும்போதே ஒரு மரபணுவை மாற்றிவிட்டால், கிழடான பிறகும் தொட்டியின் எந்த மூலையில் தீனி விழும் என்பது அதற்கு மறப்பதில்லை. செய்தியில் மீன் என்ற சொல் எட்டாவது பத்தியில்தான் வருகிறது. அதுவரை யார் படிக்கிறார்கள்?

நிருபர் நல்ல பையன். “ஏன் மேடம் இந்தத் துறைக்கு வந்தீங்க?” என்று கேட்டான். உள்ளதைச் சொன்னேன். என் அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயதில் மறதி ஆரம்பித்தது, எங்கள் பெயரெல்லாம் ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் சோற்றை விழுங்கவும் மறந்துபோனாள், இது பரம்பரையாக வருகிற வகை. அதை மட்டும் ஓர் எழுத்து பிசகாமல் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறான்.

பாளையங்கோட்டையிலிருந்து கோமதியக்கா காலையிலேயே போன். “ஏட்டி வடிவு, பேப்பர்ல வந்துட்டியாம்லா! தெருவே பேசிக்கிடுது!” பத்து மணிக்கு மறுபடி கூப்பிட்டு அதையே சொன்னாள். மத்தியானம் இன்னொரு தடவை. பெருமை தாங்கவில்லை அவளுக்கு. பிளஸ் டூவுக்குக் கணக்கு டீச்சராக இருந்தவள், லேசில் யாரையும் மெச்சமாட்டாள். போன வருடம் விருப்ப ஓய்வு வாங்கியதிலிருந்து மனசு கொஞ்சம் இளகியிருக்கிறது போல.

பிப்ரவரி 5, புதன்

எங்கள் லேப் வாசலில் இருக்கிற செக்யூரிட்டியும் அந்தப் பேப்பரைத்தான் படித்திருக்கிறார். வருகிறவர்களையெல்லாம் “மாடில போய் மருந்து வாங்கிக்கங்க” என்று அனுப்பிக்கொண்டிருந்தார்.

தாராபுரத்திலிருந்து ஒருவர் மனைவியைக் கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தார். அந்த அம்மாவுக்கு ஐம்பதுகூட இருக்காது. எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்.

“மருந்து இங்கயே குடுப்பீங்ளா, இல்லாட்டி எழுதித் தருவீங்ளா?”

“மருந்துன்னு ஒண்ணும் இல்லீங்க. மீனுக்குத்தான் செஞ்சிருக்கோம். அதுவும் முட்டையா இருக்கும்போதே.”

“அப்ப பொறந்தவங்களுக்கு?”

“ஒண்ணும் இல்லீங்க.”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. “சரிங்க. இவ்வளவு தூரம் வந்துட்டம், அந்த மீனையாச்சும் பாத்துட்டுப் போறமுங்க” என்றார். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அந்த அம்மா ஒவ்வொரு தொட்டியாக நின்று ரசித்துப் பார்த்தார், அவ்வளவு சந்தோஷம். நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

சங்கரி சாப்பிட வந்தாள். அக்காவின் ஒரே மகள். சரவணம்பட்டியில் ஐடி வேலை, லேடீஸ் ஹாஸ்டல். ஞாயிற்றுக்கிழமையானால் என் வீட்டில் மீன் குழம்பு வேண்டும். (கில்லி மீனா சித்தி என்று வாராவாரம் கேட்பாள். அவளுக்கு இந்த ஜோக் அலுப்பதே இல்லை.)

இன்று கேட்கவில்லை. தென்காசி மாப்பிள்ளை, குற்றாலநாதன், டொராண்டோவில் வேலை. பெண் பார்த்துவிட்டுப் போனதிலிருந்து இரண்டு பேரும் தினமும் பேசிக்கொள்கிறார்கள். வைகாசியில் கல்யாணம் என்று கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. அவளுக்கு அவனைப் பிடித்திருக்கிறது. பெயரைச் சொல்லும்போதே முகம் மாறுகிறது.

“நாதன் அம்மா பேப்பர் படிச்சாங்களாம் சித்தி.”

“எட்டாவது பத்தி வரைக்குமா?”

“இல்ல. கட்டத்துக்குள்ள இருந்தத மட்டும்.”

குழம்பை அவள் தொடவேயில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

அக்கா போனில் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள்.

“ஏட்டி, ஒனக்குக் கொஞ்சமாச்சும் கூறு இருக்கா? அம்மாவ எதுக்குட்டி பேப்பர்ல இழுத்த? சர்க்கரை மூளைக்கு ஏறிட்டுன்னு ஊர் பூரா சொல்லித்தான எனக்கே கல்யாணம் முடிஞ்சுது!”

“உள்ளதத்தானக்கா சொன்னேன்.”

“உள்ளத நீ ஒன் ஆராய்ச்சிக்குள்ள வச்சிக்கிட வேண்டியதான? இப்ப மாப்ளை வீட்டுக்காரவ, பொண்ணுக்கு டெஸ்ட் எடுத்து ஒண்ணுமில்லன்னு காட்டுங்கங்காவ. நீயே பாத்து ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துரு.”

“சொந்தக்காரங்களுக்கு நான் பாக்கக் கூடாதுக்கா.”

“மீனுக்கெல்லாம் பாக்க. அக்கா மகளுக்குப் பாக்கமாட்ட?”

வைத்துவிட்டாள். சாயங்காலம் அவளே மறுபடி கூப்பிட்டு, பேப்பரில் படம் வந்திருக்கிறதாமே என்று வாழ்த்துச் சொன்னாள். கோபம் ஆறினதும் இப்படி ஒன்றுமே நடக்காத மாதிரி சமாதானமாகிவிடுவது அவள் சுபாவம்.

பிப்ரவரி 12, புதன்

தொட்டிகளுக்குத் தண்ணீர் மாற்றினோம். வேறு விசேஷம் இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

சங்கரிக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். வகுப்பில் எத்தனையோ தடவை சொன்னதுதான், வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சொல்லும்போது நடுநடுவே எழுந்து போய்க் குழம்பைச் சுட வைத்தேன்.

அம்மாவின் ரத்தத்தை அவள் கடைசி வருடத்தில் நானே எடுத்து வைத்திருந்தேன். பின்னால் அதிலிருந்த மரபணுவைப் படித்துப் பார்த்ததில் ஒரே ஓர் இடத்தில் மாற்றம். அந்த மாற்றம் இருப்பவர்களுக்கு ஐம்பதையொட்டி மறதி வந்தே தீரும். பெற்றவளுக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டது என்பதற்காக அடுத்த பிள்ளையை விட்டுவிடாது. ஒவ்வொரு தடவையும் புதிதாகக் காசைச் சுண்டுகிற மாதிரி.

“அப்ப எனக்கு இருந்தா, அம்மாவுக்கு நிச்சயம் இருக்கு.”

“ஆமா.”

“தெரிஞ்சா ஏதாவது பண்ண முடியுமா?”

“முடியாது.”

“நீங்க டெஸ்ட் எடுத்தீங்களா சித்தி?”

எடுக்கவில்லை என்றேன். ஆராய்ச்சி செய்கிறவள் தன்னையே ஆராயக்கூடாது என்பது என் கொள்கை என்றேன். எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். கல்யாணம் செய்துகொள்ளாததற்கும் அதுதான் காரணம். அக்கா நம்பமாட்டாள். வந்த வரன்களையெல்லாம் நான் தட்டிக்கழித்தேன் என்று இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

சங்கரி டெஸ்ட் எடுக்கப்போகிறாளாம். மாப்பிள்ளை வீட்டுக்காக இல்லை, தனக்குத் தெரிய வேண்டும் என்கிறாள். மதுரையில் மரபணு ஆலோசகர் டாக்டர் எவாஞ்சலினிடம் நேரம் வாங்கிக் கொடுத்தேன். சங்கரி போன பிறகு பாத்திரம் கழுவினேன், கழுவியதையே திரும்பவும் கழுவினேன்.

மார்ச் 1, சனி

பாளையங்கோட்டை. அக்கா வீடு.

அத்தான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சமையலறையில் நிற்கிறார். ரிட்டயர்டு ஆன பிறகு சமையலில் ஆசை வந்துவிட்டதாம். “சும்மா இருந்தா கை மரத்துப்போவும்லா வடிவு” என்றார். முப்பது வருடமாக ஒரு டம்ளரைக்கூட எடுத்துக் கழுவாத மனுஷன். அக்கா கொடுத்து வைத்தவள்.

அக்கா தினமும் பேப்பரில் வருகிற சுடோகு எண் கட்டத்தைப் பேனாவால் போடுவாள். பென்சிலைத் தொடுவது அவளுக்குக் கேவலம். இன்றைய கட்டத்தில் ஒரே வரிசையில் ஏழு இரண்டு தடவை இருந்தது. பாதியோடு நின்றிருந்தது. கண்ணாடி மாற்ற வேண்டும் என்று சொன்னேன். “மாத்தணும்” என்றாள். ஓய்வு வாங்கின காரணத்தைக் கேட்டேன். ரிவிஷன் டெஸ்ட் பேப்பர் திருத்தும்போது கூட்டல் தப்பிப்போய், ஹெச்.எம். ஏதோ சொல்லிவிட்டாராம், ரோஷம். “எனக்கே கூட்டல் சொல்லித்தாரான்” என்று இப்போதும் பொருமுகிறாள். இந்தக் காலத்து ஹெச்.எம்.களுக்கு மரியாதை தெரியவில்லை.

நான் இருபத்தைந்து வருடமாக ஆராய்ச்சிக்காக மறதி நோயாளிகளைப் பார்க்கிறவள். அக்காவுக்கு வெறும் கல்யாணக் கவலை. ஐம்பத்துநான்கு வயதில் யாருக்குத்தான் மறதி இல்லை?

மார்ச் 14, வெள்ளி

சங்கரி மதுரைக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். “ஒரு ஊசி, அவ்வளவுதான் சித்தி” என்றாள். நாலு வாரம் ஆகும்.

மார்ச் 27, வியாழன்

புது மாணவர்களுக்கு வகுப்பு. கில்லி மீன் கிழடாகும்போது முதலில் போவது எது என்று ஒரு பையன் கேட்டான். புதிதாக நடந்தது போகும், பழையது நிற்கும் என்றேன். மனுஷருக்கும் அப்படியா மேடம்? அப்படித்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. எவாஞ்சலின் முந்தாநாளே சங்கரியை வரச்சொல்லி நேரில் சொல்லிவிட்டார். இல்லை. சங்கரிக்கு இல்லை!

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இந்தக் குழந்தைக்கு இல்லை, இவளுக்குப் பிறக்கப்போகிறதுகளுக்கும் இல்லை. அந்தக் கிளையில் அது அறுந்துவிட்டது. லேபில் எல்லோருக்கும் ஜாங்கிரி. எதற்கென்று சொல்லவில்லை, வருடப்பிறப்புக்கு என்று நினைத்துக்கொண்டார்கள். தென்காசிக்கும் தகவல் போய், நாதனின் அம்மாவே அக்காவுக்குப் போன் போட்டுப் பேசினாராம். ஜூன் எட்டு முகூர்த்தம்.

சாயங்காலம் சங்கரி வந்தாள். காலை மடக்கிச் சோபாவில் உட்கார்ந்துகொண்டு, நான் பயந்த கேள்வியைக் கேட்டாள்.

“எனக்கு இல்லேன்னா, அம்மாவுக்கு இல்லைன்னு ஆயிடாதுல்ல?”

“ஆகாது. ஆனா பாதியா இருந்த வாய்ப்பு மூணுல ஒண்ணாக் குறைஞ்சிருக்கு. அதுக்கு ஒரு கணக்கு இருக்கு, போட்டுக் காட்டட்டுமா?”

“கணக்கு வேண்டாம் சித்தி. போன மாசம் நீங்க அம்மாவ நேர்ல பாத்தீங்க.”

“பாத்தேன்.”

“உங்க லேபுக்கு அம்மா மாதிரி ஒருத்தங்க வந்தா என்ன சொல்லுவீங்க?”

கல்யாண டென்ஷன் என்றேன். அவள் ஜாங்கிரியைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். நான் டீ போட எழுந்துவிட்டேன்.

மே 11, ஞாயிறு

அக்காவும் அத்தானும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் பத்திரிகையும் வைத்துக்கொண்டு வீடு வீடாக அழைத்துக்கொண்டிருக்கிறார்கள். திம்மராஜபுரத்துப் பெரியம்மா வீட்டில் ஒரே வாரத்தில் இரண்டு தடவை அழைத்துவிட்டார்களாம். முதல் தடவை இருவரும் போனது, இரண்டாம் தடவை அக்கா தனியாக ஆட்டோ பிடித்துப் போனது. “எங்களுக்கு மட்டும் டபுள் பந்தி போடுவாளோ?” என்று பெரியம்மா மருமகள் போனில் சிரித்தாள். நானும் சிரித்தேன். கல்யாண வீடு என்றால் இதெல்லாம் நடக்கிறதுதான்.

சங்கரி சிரிக்கவில்லை. டொராண்டோ போகவில்லை, கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம் என்று ஆரம்பித்தாள். அதட்டினேன். கடைசியில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “அப்ப நீங்க பாத்துப்பீங்களா சித்தி? அப்பாவால தனியா முடியாது. நீங்க பாத்துப்பேன்னு சொல்லுங்க, நான் போறேன்.”

“பாத்துக்கிடுதேன்” என்றேன். கோவை வந்து இத்தனை வருடமாகியும், அழுகை வந்தால் ஊர்ப் பேச்சுதான் வருகிறது எனக்கு. எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மே 13, செவ்வாய்

வாக்குக் கொடுத்தாகிவிட்டது. பார்த்துக்கொள்கிறேன் என்கிறவளுக்கே அது இருந்தால்? யார் யாரைப் பார்த்துக்கொள்வது? இந்தப் புத்தி எனக்கு இத்தனை வருடம் கழித்துத்தான் வருகிறது.

மே 16, வெள்ளி

மதுரைக்குப் போய் எவாஞ்சலின் முன்னால் உட்கார்ந்தேன். “நீங்க எனக்கு அனுப்பின ஆட்கள் எத்தனை பேர் தெரியுமா மேடம்? உங்களுக்காக ஒரு நாற்காலி போட்டே வச்சிருந்தேன்” என்றார். எல்லோருக்கும் சொல்வதையெல்லாம் எனக்கும் சொன்னார். இருக்கிறது என்று வந்தால் யாரிடம் பேசுவீர்கள் என்று கேட்டார். அக்காவிடம் என்றுதான் வாயில் வந்தது.

ஊசி வலித்தது. சங்கரி பொய் சொல்லியிருக்கிறாள்.

ஜூன் 8, ஞாயிறு

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. நாதன் தாலியில் முடிச்சுப் போடத் தடுமாறினான், சங்கரி அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

அக்கா அரக்குப் பட்டில் அவ்வளவு அழகு. மண்டப வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்றாள். அத்தான் ஒரு நிமிஷம் அவள் பக்கத்தை விட்டு நகரவில்லை. ஒவ்வொருவர் படியேறும்போதும் அக்கா காதோரம் குனிந்து ஏதோ சொன்னார். வயசுகாலத்தில் ரகசியத்தைப் பார் என்று பெண்கள் எல்லோரும் கேலி. அத்தானும் சிரித்துக்கொண்டார்.

நான் பன்னீர்ச் செம்பை எடுக்கிற சாக்கில் பின்னால் போய் நின்றேன்.

“இது ஒங்க சித்தப்பா மவன் சுடலைமுத்து. தூத்துக்குடி. பொண்டாட்டி பேரு வள்ளி.”

“வாங்க வாங்க! வள்ளி, சொகமா இருக்கியாட்டி?” என்றாள் அக்கா.

ஜூன் 9, திங்கள்

இனிமேல் கல்யாண டென்ஷன் என்று சொல்ல முடியாது.

ஜூன் 20, வெள்ளி

எனக்கு இல்லை.

எவாஞ்சலின் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். நான் ஓவென்று அழுதேன். சந்தோஷத்தில் என்று அவர் நினைத்தார். சந்தோஷமும்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும்? ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி எனக்கு ஞாபகம் வந்ததெல்லாம் வேறு. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வந்த வரன். நல்ல மனுஷர், எனக்காக ஒரு வருடம் காத்திருந்தார். நேரமில்லை என்றா அவரை அனுப்பினேன்? பயம். அம்மா படுத்திருந்த கட்டிலில் என்னையே பார்த்த பயம். ஒரு ஊசியில் தீர்ந்திருக்க வேண்டியதற்கு ஒரு ஆயுளைக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது நான் நன்றாக இருப்பேன். தெளிவாக இருப்பேன். அக்காவுக்கு அடுத்து என்ன வரும், அதற்கடுத்து என்ன வரும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும், தடுக்கத்தான் கையில் ஒன்றும் இருக்காது. எதைப் படித்தேன் நான் இவ்வளவு காலம்?

சங்கரிக்கு மட்டும் செய்தி அனுப்பினேன். நாதனோடு டொராண்டோ போயிருக்கிறாள், அங்கே விடிந்ததும் பார்ப்பாள்.

ஜூன் 22, ஞாயிறு

பாளையங்கோட்டை. அக்காவிடம் டெஸ்ட் எடுத்துக்கொள்ளச் சொல்வதா, டாக்டரிடம் மட்டும் காட்டச் சொல்வதா, எப்படி ஆரம்பிப்பது என்று ரயில் முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன்.

வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். சங்கரி போனில் சொல்லிவிட்டாளாம். “ஒனக்கும் இல்லியாம்லா! ஏட்டி, எனக்கு இப்பத்தான் உசிரே வந்துது!” என் கன்னத்தை வழித்துச் சொடக்குப் போட்டாள். உள்ளே இழுத்துக்கொண்டு போய்த் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். எதிரே அத்தான் தரையில் அரிவாள்மணையைப் போட்டு வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“அக்கா, ஒங்கிட்ட ஒண்ணு பேசணும்.”

“இருட்டி, நான் சொல்லுதேன் மொதல்ல.” விரலை மடக்கினாள். “சங்கரிக்கு இல்ல. ஒனக்கு இல்ல. அப்ப அம்மாவோட அது போயிட்டு. நம்ம வீட்டுலயே கெடையாது. அப்ப எனக்கும் இல்ல. சரிதான?”

அத்தானின் கை நின்றுவிட்டது. அவர் நிமிரவில்லை.

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிக் காசு, தனித்தனிச் சுண்டுதல் என்று பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தலைமுறை தலைமுறையாக நிகழ்தகவு நடத்தியவள் இவள். எனக்கே அதைச் சொல்லிக்கொடுத்தவள். இந்தக் கணக்கு தப்பு என்று தெரியாமல் கேட்கிறாளா? தெரிந்துகொண்டே, நான் ஆமாம் என்று சொல்ல வேண்டும் என்று கேட்கிறாளா? கண்ணைப் பார்த்தேன். அக்காவின் கண்தான், சின்ன வயதிலிருந்து பார்க்கிறது. கண்டுபிடிக்க முடியவில்லை. மடக்கிய விரலை அப்படியே வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரிதானட்டி?”

“ஆமாக்கா” என்றேன்.

“நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்றாள். “நீதான படிச்சவ.”